எழுத்தின் உற்பத்திச் சாதனமும் பொதுவுடைமையும்: திறந்தமூல வலைப்பதிவு மென்பொருள் – ஓர் அறிமுகம்

பல்கலைக்கழக மாணவர் பலர் இன்று வலைப்பதிவுகளை வாசிக்கின்றனர். சிலர் எழுதவுஞ் செய்கின்றனர். ஆயினும் அப்பதிவுகளைத் தாங்கிநிற்கும் மென்பொருள் யாது, அது யாருடையது, எத்தகைய உற்பத்தி உறவுகளுள் அது இயங்குகிறது என்னும் வினாக்கள் கலைப்பீட மாணவரிடையே அரிதாகவே எழுகின்றன. நூலொன்றைப் பற்றிப் பேசும்போது அதன் ஆசிரியரையும் உள்ளடக்கத்தையும் ஆராயும் நாம், அந்நூலை அச்சிட்ட அச்சகத்தின் உடைமை பற்றிச் சிந்திக்கத் தவறுவதுண்டு. அதே தவறு இணைய எழுத்து விடயத்திலும் நிகழ்கிறது.

1934 இல் வால்டர் பென்ஜமின் 'உற்பத்தியாளனாக எழுத்தாளன்' எனும் உரையை எழுதியபோது, ஒரு படைப்புத் தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கருத்துக் கொண்டுள்ளது என்பதோடு அமையாது, அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கிறது எனவும் வினவ வேண்டும் என்றார். 1932 இல் பேர்டோல்ட் பிரெஃக்ட், வானொலியைக் கேட்பதற்கு மட்டுமான கருவியாக வைத்திராது, கேட்போர் பேசவும் வழிசெய்யும் கருவியாக மாற்ற வேண்டும் என வாதிட்டார். இவ்விரு சிந்தனைகளையும் மனங்கொண்டு, திறந்தமூல வலைப்பதிவு மென்பொருளைத் தொடக்கநிலையாளருக்கு அறிமுகஞ் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக 'வேர்ட்பிரஸ்' என்னும் மென்பொருளைக் கொள்கின்றோம்.

1. வலைப்பதிவு

1997 டிசெம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர், இணையத்தில் தாம் கண்டவற்றை நாடோறும் குறித்துவைத்த தமது தளத்துக்கு 'வெப்லொக்' எனப் பெயரிட்டார். கப்பலின் அன்றாடப் பயணத்தைப் பதியும் குறிப்பேட்டைச் சுட்டும் சொல்லே அப்பெயரின் பிற்பகுதி. 1999 இல் அச்சொல் 'புளொக்' எனக் குறுகிற்று. தமிழில் 'வலைப்பதிவு' எனும் ஆக்கம் நிலைபெற்றுவிட்டது.

வலைப்பதிவின் புற இலக்கணம் எளியது. திகதியிடப்பட்ட பதிவுகள், பிந்தியது முந்தியதாக அடுக்கப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத முகவரியொன்று இருக்கும். புதிய பதிவுகளை வாசகர் தாமாகப் பெற்றுக்கொள்ள உதவும் ஓடை வசதியும் உண்டு. இம்மூன்றுள் மாறாத முகவரியே ஆய்வாளருக்கு முதன்மையானது. மேற்கோள் காட்டத்தக்க தன்மையைப் பதிவுக்கு அளிப்பது அதுவே.

2. மென்பொருள் செய்யும் பணி

தொடக்க காலத்தில் இணையத்தளம் வைத்திருந்தோர் ஒவ்வொரு பக்கத்தையும் அதற்குரிய குறிமொழியில் தாமே எழுதிச் சேவையகத்தில் ஏற்றவேண்டியிருந்தது. புதிய கட்டுரை ஒன்றைச் சேர்த்தால் முகப்பு, உள்ளடக்கப் பட்டியல், பழம்பதிவுத் தொகுப்பு யாவற்றையும் கையாலே திருத்த வேண்டும். இந்த வேலையைத் தன்வசமாக்கிக் கொண்டதே வலைப்பதிவு மென்பொருள்.

அச்சக அனுபவத்தைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். எழுத்தாளரின் கையெழுத்துப்படி, அச்சுக்கோப்பாளரின் உழைப்பு, பக்க அமைப்பு ஆகியன வெவ்வேறானவை. வலைப்பதிவு மென்பொருளிலும் இவை பிரிந்தே நிற்கின்றன. எழுதப்பட்ட பாடம் தரவுத்தளத்தில் இருக்கும். அதன் எழுத்துரு, நிறம், பத்தியமைப்பு முதலியவற்றைத் 'தோற்றவார்ப்புரு' தீர்மானிக்கும். வாசகரொருவர் ஒரு பக்கத்தைக் கோரும்போது, நிரலானது பாடத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, வார்ப்புருவிற் பொருத்தி, அக்கணமே பக்கமாக ஆக்கி அனுப்பும். எனவே வார்ப்புருவை மாற்றினால் ஆயிரம் கட்டுரைகளின் தோற்றமும் ஒருங்கே மாறும், பாடமோ மாறாது. மென்பொருளில் இல்லாத வசதிகளை வேண்டியவிடத்துச் சேர்க்க உதவுவன 'செருகுநிரல்கள்'.

வேர்ட்பிரஸ் பெரும்பாலும் பீஎச்பீ எனும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி எனும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவது. தனித்தளம் ஒன்றுக்கு அது இயல்பாக உருவாக்கும் அட்டவணைகள் 12 மாத்திரமே. கட்டுரைகள், பயனர், பாகுபாடுகள், அமைப்புத் தெரிவுகள் யாவும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. இத்தரவுத்தளங்களும் திறந்தமூலமானவை என்பது குறிப்பிடத்தக்கது.

3. 'திறந்தமூலம்' என்பதன் பொருள்

நிரலாளர் எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும். தனியுடைமை மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் மூலநிரலை மறைத்து, இயங்கும் வடிவத்தை மாத்திரம் விற்கின்றன. வாங்குபவர் அதனைப் பயன்படுத்தலாமேயன்றி, அது எவ்வாறு இயங்குகிறதென அறியவோ திருத்தவோ இயலாது. தொழிலாளி தான் கையாளும் இயந்திரத்தின் உட்பகுதியைத் திறக்கத் தடைவிதிக்கப்பட்ட நிலை இதுவெனலாம்.

இந்நிலையை எதிர்த்து றிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றிற்று. அவ்வியக்கம் நான்கு சுதந்திரங்களை வகுத்துரைக்கிறது: எந்நோக்கத்துக்காகவும் நிரலை இயக்குதல், அதனைக் கற்று மாற்றுதல், பிரதிகளைப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் வழங்குதல். 1989 இல் வெளிவந்த குனூ பொதுமக்கள் உரிமம் இவற்றுக்குச் சட்டவடிவந் தந்தது. அவ்வுரிமத்தின் நுட்பம் யாதெனில், பதிப்புரிமைச் சட்டத்தையே அது பதிப்புரிமையின் வழமையான நோக்கத்துக்கு எதிராகப் பயன்படுத்துவதாகும். நிரலை மாற்றி வெளியிடுபவர், தாம் பெற்ற சுதந்திரங்களை அடுத்தவருக்கும் அளிக்கக் கடமைப்பட்டவராகிறார். பொதுநிலத்துக்கு வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் முயற்சி இவ்வாறு தடுக்கப்படுகிறது.

'திறந்தமூலம்' என்னுந் தொடர் 1998 இல் உருவானது. வணிக நிறுவனங்களுக்கு உவப்பான சொல்லொன்றைத் தேடியதன் விளைவே அது. 'கட்டற்ற மென்பொருள்' என்போர் உரிமையையும் அறத்தையும் வற்புறுத்துவர். 'திறந்தமூலம்' என்போர் தொழினுட்பச் சிறப்பையும் நடைமுறைப் பயனையும் முதன்மைப்படுத்துவர். நடைமுறையில் இருசாராரும் சுட்டும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் சொற்றெரிவின் பின்னால் கருத்துநிலை வேறுபாடு உண்டென்பதை இலக்கிய மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை.

4. வேர்ட்பிரஸின் தோற்றம்

1999 இல் பைரா லாப்ஸ் எனும் சிறு நிறுவனம் 'புளொக்கர்' சேவையைத் தொடங்கியது. 2003 இல் கூகிள் அதனை வாங்கிற்று. 2001 இல் வெளியான 'மூவபிள் ரைப்' என்னும் மென்பொருள், அச்சுக்கலையின் அசையும் எழுத்தைத் தன் பெயராகக் கொண்டது. தனியாட்கள் அதனை இலவசமாகப் பயன்படுத்த இயன்றதாயினும் உரிமத்தால் அது கட்டற்றதன்று. அதே ஆண்டில் மிஷேல் வல்டிறிகி என்பவர் 'பி2' எனும் மென்பொருளைக் குனூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிட்டார்.

சில காலத்தின்பின் பி2 இன் வளர்ச்சி தடைப்பட்டது. 2003 ஜனவரியில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த 19 வயதினரான மற் முல்லன்வெக், ஆசிரியர் கைவிட்ட நிரலாயினும் அதன் உரிமம் அதனைத் தொடர்ந்து வளர்க்க இடந்தருகிறதெனத் தமது வலைப்பதிவில் எழுதினார். இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிற்றில் தாமும் இணைவதாக விடையளித்தார். அவ்வாண்டு மே 27 ஆந் திகதி வேர்ட்பிரஸின் முதற் பதிப்பு வெளிவந்தது. ஒரு மென்பொருளின் ஆயுள் அதன் முதலாசிரியரின் ஆயுளிலோ ஆர்வத்திலோ தங்கியிருக்க வேண்டியதில்லை என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. தனியுடைமை மென்பொருளாயின் அது அவ்விடத்திலேயே மாண்டிருக்கும்.

2004 மே மாதத்தில் மூவபிள் ரைப் தன் 3.0 பதிப்புக்குப் புதிய கட்டணமுறையை அறிவித்தது. எழுதுவோர் தொகைக்கும் வலைப்பதிவுகளின் தொகைக்கும் ஏற்பக் கட்டணம் விதிக்கப்பட்டது. பயனர் பலர் வேர்ட்பிரஸுக்கு மாறினர். அதே மாதத்தில் வெளியான வேர்ட்பிரஸ் 1.2 செருகுநிரல் அமைப்பையும், 2005 இல் வெளியான 1.5 தோற்றவார்ப்புரு அமைப்பையும் அறிமுகஞ் செய்தன. இன்று உலக இணையத்தளங்களில் நூற்றுக்கு 40 இற்கு மேற்பட்டவை இம்மென்பொருளால் இயங்குவதாக மதிப்பிடப்படுகிறது. வலைப்பதிவுக்கெனத் தோன்றியது, செய்தித்தாள், பல்கலைக்கழகம், வணிகநிலையம் எனப் பலவற்றின் தளமாக விரிந்துவிட்டது. இதற்கு மாற்றாகவும் திறந்தமூல மென்பொருள்கள் உள்ளன. 2013 இல் தோன்றிய 'கோஸ்ட்' அவற்றுள் ஒன்று.

5. தொடங்குவோர் அறியவேண்டியவை

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். வேர்ட்பிரஸ் எனும் பெயரால் இரண்டு வழங்குகின்றன. ஒன்று, எவரும் இலவசமாகப் பெற்றுத் தமது சேவையகத்தில் நிறுவத்தக்க மென்பொருள். மற்றையது, முல்லன்வெக் 2005 இல் தொடங்கிய ஓட்டோமற்றிக் நிறுவனம் அம்மென்பொருளைக் கொண்டு நடத்தும் வணிகச் சேவை. பின்னதில் கணக்கைத் திறந்து உடனே எழுதத் தொடங்கலாம். கட்டுப்பாடோ நிறுவனத்திடம் இருக்கும். முன்னதற்கு ஆள்களப் பெயரும் சேவையக இடமும் வாங்க வேண்டும். கட்டுப்பாடு நம்மிடம் இருக்கும். மென்பொருள் கட்டற்றதாயினும் அது இயங்கும் இயந்திரமும் மின்சாரமும் இலவசமல்ல என்பதை மறத்தலாகாது. தொடக்கநிலையாளர் வணிகச் சேவையிற் பயின்று, பின்னர் பதிவுகளை ஏற்றுமதி செய்து சொந்தத் தளத்துக்கு மாறலாம். அவ்வாறு மாறுவதற்கு வழியிருத்தலே இவ்வகை மென்பொருளின் தனிச்சிறப்பு.

ஆள்களப் பெயரைத் தமிழிலேயே பெறவும் இயலும். '.இலங்கை' எனும் தமிழ் வடிவ உயர்நிலை ஆள்களம் 2010 முதல் உண்டு.

நிறுவியபின் எதிர்ப்படும் முதல் வேறுபாடு 'பதிவு', 'பக்கம்' என்பவற்றுக்கிடையிலானது. பதிவு காலவரிசையில் நிற்பது; கட்டுரை, மதிப்புரை, செய்தி என்பன இதற்குரியன. பக்கம் காலவரிசைக்குப் புறம்பானது. சங்கத்தின் யாப்பு, ஆசிரியர் குழு போன்றவற்றுக்கு ஏற்றது. இரண்டாவது வேறுபாடு 'வகை', 'குறிச்சொல்' என்பவற்றுக்குரியது. வகை என்பது சஞ்சிகையின் நிரந்தரப் பகுதிகளை ஒத்தது. சிலவாகவே இருத்தல் வேண்டும். குறிச்சொல் நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவை ஒத்தது, வேண்டியளவு பெருகலாம். இவ்விரண்டையும் குழப்புவதனாலேயே பல தளங்கள் ஓராண்டுக்குள் ஒழுங்கிழந்து விடுகின்றன.

கூட்டாக எழுதுவோருக்குப் பயனர் நிலைகள் பெரிதும் உதவும். நிருவாகி, ஆசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் எனும் ஐந்து நிலைகள் இயல்பாக அமைந்துள்ளன. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. எழுத்தாளர் தம்முடையதை வெளியிடலாம். ஆசிரியர் யாவருடைய எழுத்தையும் திருத்தி வெளியிடலாம். சஞ்சிகையொன்றின் ஆசிரியர் குழு இயங்கும் முறையே இங்கு நிரலாக்கப்பட்டுள்ளது.

மூலபாடத் திறனாய்வில் ஈடுபாடுடையோர் விரும்பத்தக்க வசதியொன்றும் உண்டு. பதிவொன்றைத் திருத்திச் சேமிக்குந்தோறும் முந்திய வடிவங்கள் அழியாது பேணப்படும். இரு வடிவங்களை அருகருகே வைத்து வேறுபாடுகளைக் காணலாம். ஏடெழுதினோர் விட்டுச்செல்லாத பாடபேத வரலாறு இங்குத் தானாகவே திரள்கிறது.

தமிழில் எழுதுவோர் இரு விடயங்களிற் சிறப்பாகக் கவனஞ் செலுத்துதல் வேண்டும். முதலாவது குறியேற்றம். 1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் நம்மவர் நீண்டகாலம் 'பாமினி' போன்ற எழுத்துருக்களிலேயே தட்டெழுதினர். இவை ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. இத்தகைய பாடத்தை அப்படியே தளத்தில் இட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். தேடுபொறிக்கும் அது அகப்படாது. ஆதலால் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியபின்பே இடவேண்டும். இரண்டாவது, பதிவின் முகவரி. தலைப்பிலிருந்து முகவரி தானாக உருவாகும். தமிழ்த் தலைப்பாயின் ஒவ்வொரு குறியும் ஒன்பது உருக்களாக விரிந்து முகவரி மிக நீண்டுவிடும், இடையில் வெட்டுப்படுவதும் உண்டு. குறுகிய முகவரியொன்றை நாமே எழுதிவிடுதல் நன்று.

பாதுகாப்புப் பற்றியும் ஒரு சொல். பரவலாக வழங்கும் மென்பொருள் என்பதால் வேர்ட்பிரஸ் தளங்கள் அடிக்கடி தாக்குதலுக்கு இலக்காகின்றன. பராமரிப்பாரற்ற செருகுநிரல்களே பெரும்பாலும் நுழைவாயில்கள். தேவையற்றவற்றை நீக்கி, எஞ்சியவற்றை உடனுக்குடன் புதுப்பித்தல் வேண்டும். காப்புப்பிரதி எடுக்கும்போது தரவுத்தளத்தை மட்டும் எடுப்பது போதாது. படங்கள், வார்ப்புருக்கள், செருகுநிரல்கள் அடங்கிய கோப்புறையையும் சேர்த்தெடுக்க வேண்டும். முன்னதில் எழுத்து உண்டு, படமில்லை. பின்னதில் படமுண்டு, எழுத்தில்லை.

6. எமது சூழலிற் பயன்கள்

1841 இல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியபோது அச்சியந்திரம் மிசனரிமாரின் கையில் இருந்தது. ஆறுமுகநாவலர் தமக்கென அச்சியந்திரமொன்றை நிறுவியமை, அவ்வுடைமையின் முக்கியத்துவத்தை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பதையே காட்டுகிறது. கருத்தை எதிர்கொள்ளக் கருத்து மாத்திரம் போதாது, அதனைப் பரப்புஞ் சாதனமும் வேண்டும் என்பது அவ்வரலாறு தரும் பாடம். வேறு தேவைகளுக்காக இன்றும் அப்பாடம் பொருந்தும்.

சாதனம் பிறர் கையிலிருப்பதன் விளைவுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் உள. இலட்சக்கணக்கானோர் தளங்கள் வைத்திருந்த 'ஜியோசிற்றீஸ்' சேவையை யாகூ நிறுவனம் 2009 இல் மூடிற்று. 'பொஸ்ரெரஸ்' எனும் வலைப்பதிவுச் சேவை 2013 இல் மூடப்பட்டது. இவை தணிக்கையால் நிகழ்ந்தவை அல்ல. இலாபக் கணக்கு இடந்தராமையால் நிகழ்ந்தவை. முதலாளித்துவத்தில் எழுத்தை அழிக்க எழுத்தின்மீது பகை இருக்கவேண்டியதில்லை. அதனைப் பேணுவதில் இலாபமின்மையே போதுமானது.

பகையால் அழிந்த எழுத்தையும் நாம் அறிவோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இதழ்களும் மீளப்பெற இயலாதவாறு மறைந்தன. ஓரிடத்தில் ஒரு பிரதி என்னும் நிலையின் அபாயத்தை எம்மவருக்கு எடுத்துரைக்க வேறு சான்று தேவையில்லை. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், பல்லாயிரக்கணக்கான ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி யாவருக்கும் திறந்துவைத்துள்ளது. அதன் தளம் இயங்குவது விக்கிப்பீடியாவுக்கென ஆக்கப்பட்ட மீடியாவிக்கி எனும் திறந்தமூல மென்பொருளிலேயாம்.

இத்தகைய மென்பொருளை நாம் பெறுவோராக மாத்திரம் இருக்கவேண்டியதில்லை. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின்பின் இலங்கை நிரலாளர் தன்னார்வமாகக் கூடி, காணாமற்போனோர் விபரம், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த 'சகானா' எனும் திறந்தமூல மென்பொருளை ஆக்கினர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருது அதற்கு வழங்கப்பட்டது. வேர்ட்பிரஸின் மொழிபெயர்ப்புத் திட்டத்திலும் 'தமிழ்', 'தமிழ் (இலங்கை)' என இரு பிரிவுகள் உள்ளன. நிரலாக்கம் அறியாத தமிழ் மாணவரும் அதிற் பங்குகொள்ளலாம். 'சேவையகம்' என்பதா 'வழங்கி' என்பதா என்ற கலைச்சொல் விவாதம் அங்கு நாடோறும் நிகழ்வதே.

7. முரண்பாடுகள்

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, திறந்தமூலம் பொதுவுடைமையின் ஒரு தீவு என முடிவுகட்டுதல் தவறாகும். முதலாவதாக, ஊதியமின்றி ஆயிரக்கணக்கானோர் வழங்கும் உழைப்பின் பயனைப் பெருநிறுவனங்கள் ஈட்டிக்கொள்கின்றன. நிரல் பண்டமாகாவிடினும் அதனைச் சூழ்ந்த சேவைகள் பண்டங்களாகின்றன. பயன்பெறுமதி பொதுவில் உற்பத்தியாக, மாற்றுப்பெறுமதி தனியார்வசம் சேர்கிறது.

இரண்டாவதாக, நிரலின் உடைமையும் அதனை வழங்கும் வாயிலின் உடைமையும் ஒன்றல்ல. 2024 செப்ரெம்பரில் இவ்வுண்மை வெளிப்படையாயிற்று. வேர்ட்பிரஸ் தளங்களுக்குச் சேவையக வசதி வழங்கும் 'டபிள்யூபீ எஞ்சின்' நிறுவனத்துக்கும் முல்லன்வெக்குக்கும் வணிகச் சின்னம் தொடர்பாகப் பிணக்கு மூண்டது. செருகுநிரல்களையும் புதுப்பிப்புகளையும் வழங்கும் மையத்தளத்தை அணுக அந்நிறுவனத்துக்குத் தடைவிதிக்கப்பட்டது. அந்நிறுவனம் ஒக்ரோபரில் வழக்குத் தொடர்ந்தது; டிசெம்பரில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தடையை நீக்குமாறு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. இரு வணிகர் மோதலில் யார் பக்கம் நியாயம் என்பது எமது பொருளன்று. உரிமத்தால் யாவர்க்கும் பொதுவான நிரலின் விநியோக வாயில் தனியொருவர் கட்டுப்பாட்டில் இருந்தமையே இங்குக் கவனிக்கத்தக்கது. நிலம் பொதுவாயினும் நீர்வாய்க்கால் தனியாருடையதாயின் பயிர் யார் தயவில் விளையும்? அதேவேளை, உரிமம் உயிரோடிருக்கும்வரை நிரலைக் கிளைபிரித்துப் புதுவாயில் அமைக்கும் உரிமையை எவரும் பறிக்கவியலாது என்பதும் உண்மை. பி2 இலிருந்து வேர்ட்பிரஸ் பிறந்த வழி அதுவே.

மூன்றாவதாக, கருவி தானாகவே சமூகத்தை மாற்றிவிடும் என்று கருதுவது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். கணினியும் இணைய இணைப்பும் எட்டாத தோட்டப்புற மாணவருக்கு மூலநிரலின் சுதந்திரம் வெறும் ஏட்டுச் சுதந்திரமே. அச்சியந்திரம் புராணத்தையும் அச்சிட்டது, துண்டுப்பிரசுரத்தையும் அச்சிட்டது. எதனை, யாருக்காக வெளியிடுவது என்பதை மனிதரும் அவர்தம் அமைப்புகளுமே தீர்மானிக்கின்றனர்.

எனினும் இவ்வரையறைகள் செயலின்மைக்கு நியாயமாகா. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்று செய்யத்தக்கவை மிகச் சிலவே. சங்கத்தின் பெயரில், தனி மாணவர் பெயரிலன்று, ஆள்களமொன்றைப் பதிதல். முற்பட்ட இதழ்களின் கட்டுரைகளை எழுதியோரின் இசைவுடன் ஒருங்குறியில் ஏற்றுதல். ஒவ்வோராண்டும் புதிய செயற்குழுவிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது கடவுச்சொற்களுடன் முழுமையான காப்புப்பிரதியையும் கையளித்தல். அப்பிரதியொன்றை வேறோர் ஊரில் வைத்தல். இவற்றுக்கு வேண்டிய மென்பொருள் ஏற்கெனவே பொதுவில் உள்ளது. ஆண்டுதோறும் கலைந்துபோகும் மாணவர் தலைமுறைகளுக்கிடையே எழுத்தைக் கைமாற்றும் ஒழுங்கை ஏற்படுத்துவதே எஞ்சியுள்ள பணி. அது தொழினுட்பப் பிரச்சினையன்று, அமைப்புப் பிரச்சினை. அதற்கு விடைகாண வேண்டியோர் நாமே.